தோட்ட நேரம், ரேடியோ நேரம்

எங்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நான் மட்டும் நேரத்தை எழுதக் கூடாது. கடைச் சாமான் சீட்டு எழுதுவேன், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதுவேன், என் எழுத்தும் முத்து முத்தாக இருக்கும் (இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது). ஆனால் மணி என்று ஒன்று இடையில் வந்துவிட்டால் போதும், பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

தலவாக்கலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகளும் மகனும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வாரத்துக்கு அட்டவணை போடுவார்கள். புதிதாக எந்தத் தொடரைச் சேர்ப்பது, அதற்காக எதை வெட்டுவது என்று ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். நான் எட்டிப் பார்த்தால் மகள் தாளை மறைத்துக்கொண்டு, "நீங்க வாயால சொல்லுங்கம்மா, எழுதுறத நாங்க பாத்துக்கிறோம்" என்பாள். அந்த அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணி. அது காலியாக இருப்பதற்கும் நான்தான் காரணம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நோர்வூட்டுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இருபது குழந்தைகளும் ஒரே நேரத்தில் தூங்குகிற ஒரு அரைமணி நேரம் தினமும் வரும். வெளியே மலையிலிருந்து பனி இறங்கி வந்து சன்னலுக்குள் தலையை நீட்டும். நான் தூளிகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் என் கனவுகளில் எல்லோரும் சுத்தமான தமிழ் பேசுவார்கள்.

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு விசேஷங்கள் இருந்தன. ஒன்று, எங்களுக்கென்று தனியாக ஒரு நேரம். எந்தக் காலத்திலோ தோட்டத்தை நடத்திய ஒரு பெரிய தொரை, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள்கள் வெள்ளென வந்து நிற்க வேண்டும் என்று தொழிற்சாலைக் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்துவிட்டார். அவருக்குப் பிறகு வந்த தொரைமார் யாரும் அதைத் தொடவில்லை. ஊரெல்லாம் ஆறு மணி என்றால் எங்கள் தோட்டத்தில் ஆறரை. சங்கு ஊதுவதும் சாப்பிடுவதும் பிள்ளை பிறந்த நேரம் குறிப்பதும் எல்லாம் தோட்ட நேரத்தில்தான் (இதனால் எங்கள் தோட்டத்தில் எழுதிய ஜாதகங்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை). சூரியன் மட்டும் எங்களுக்கு என்றைக்கும் அரைமணி லேட்டு.

இரண்டாவது விசேஷம், வாசிகசாலையில் இருந்த ரேடியோ. மாதாகோயில் பீடம் அளவுக்கு ஒரு மரப்பெட்டி. திருகினால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு முகத்தில் மஞ்சள் வெளிச்சம் மெதுவாக ஊறி வரும். அந்த வெளிச்சத்தில் உலகத்து ஊர்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது. கார் பாட்டரியில்தான் பெட்டி பாடும். பாட்டரியை வாரம் ஒரு தடவை லொறியில் ஹட்டனுக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். அதனால் வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் பாட்டு, பேச்சு எல்லாம். எந்தக் கிழமை எதைக் கேட்பது என்று ஓர் அட்டவணை சுவரில் தொங்கும். அதைப் பார்த்து, சொன்ன நேரத்துக்குத் திறந்து, சொன்ன நேரத்துக்கு மூடுகிறவர் சூசை அண்ணன். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். ஒரு நிமிடம் கூடுதலாகக் கேட்க விடமாட்டார். பாட்டின் நடுவில் மூடிவிட்டு, "மிச்சத்த மனசுக்குள்ள பாடிக்கங்க" என்பார்.

அந்த வருடம் எப்படியோ இரண்டாவது பாட்டரி ஒன்று வந்து சேர்ந்தது. வாரத்துக்கு மூன்று புது நிகழ்ச்சிகள் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. பழைய அட்டவணையை எழுதிய தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா மாற்றலாகிப் போயிருந்தார். அடுத்தபடியாக அழகான எழுத்து என்னுடையதுதான் என்று வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

என் வாழ்நாளில் அந்த இரண்டு வாரம்போல் நான் மதிக்கப்பட்டதில்லை. குழந்தையை விட வருகிறவர்கள் எல்லாம் மனு கொடுத்தார்கள். முனியம்மா அக்கா சினிமாப் பாட்டு வேண்டும் என்றார். சூசை அண்ணன் ஞானப்பாடல் வேண்டும் என்று மறைமுகமாகச் சொன்னார் (அவருடைய மறைமுகம் அடுத்த லயம் வரைக்கும் கேட்கும்). நான் எல்லோரிடமும் "யோசிப்போம்" என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஹட்டனிலிருந்து பாட்டரியோடு வரும் பேப்பரில் வானொலிப் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மாதர் நிகழ்ச்சி. புதன்கிழமை நாடகம். சனிக்கிழமை ஆறு மணிக்குப் புதுப் பாடகர்களின் கால் மணி நேரம்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் தங்கராசு.

தங்கராசு என் அத்தை மகன். பதினெட்டு வயதில், தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு இறங்கச் சொன்னபோது, "நான் பாடப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்கு ரயில் ஏறியவர். பாக்கியம் அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை. அன்றிலிருந்து அத்தை அவர் பெயரைச் சொல்வதில்லை. அவர் அனுப்பும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார், முடிந்ததும் எதுவும் பேசாமல் அடுப்பில் விறகைத் தள்ளுவார். மூன்று வருடமாகப் பதில் போடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்த கலியாணப் பேச்சு, அத்தையின் அந்த மௌனத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது.

அந்த மாதக் கடிதத்தில், ஒரு ஓட்டலில் வேலை செய்துகொண்டே குரல் பரிசோதனையில் தேறிவிட்டதாகவும், இன்ன சனிக்கிழமை ஆறு மணிக்கு நேரடியாக ஒரு பாட்டுப் பாடப் போவதாகவும் எழுதியிருந்தார். "அம்மா கேட்டால் போதும்" என்று கடைசி வரி.

அத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய் திறந்தார். "ஓட்டல்ல கோப்ப கழுவிக்கிட்டு பாட்டுன்னு பொய் சொல்றானா என்னமோ. அந்தப் பொட்டியில அவன் பேரச் சொல்லி, அவன் குரல எங் காதால கேட்டாத்தான் நம்புவேன். கேட்டேன்னா, வரச் சொல்லி நானே காயிதம் போடச் சொல்றேன்."

எல்லாம் என் அட்டவணையில் வந்து நின்றுவிட்டது. அத்தையின் கோபம், மச்சானின் வருகை, நடுவில் என் கலியாணம்.

பேப்பரில் ஆறு மணி என்று இருந்தது. அரைமணி கூட்டி ஆறரை என்று பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அது சரி. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் தூங்கும் அந்த அரைமணி நேரத்தில் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அழகாக எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குப் பனி மடுவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. தூளிகள் மேகத்தில் தொங்குவதுபோல் இருந்தன. அறிவிப்பாளர் மச்சானின் பெயரை எப்படிச் சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். "தங்கராசு" என்று தட்டையாகச் சொல்வாரா, ஒரு "திரு" போடுவாரா. பாட்டு முடிந்ததும் அத்தை என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எந்தச் சேலையில் தலை குனிவது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். அப்போது வாசலில் சூசை அண்ணனின் தலை தெரிந்தது.

"சரசு, அர மணி கூட்டணும். மறந்துறாத தங்கச்சி."

"தெரியும்ணே" என்றேன் அலட்சியமாக. ஆறரையோடு அரைமணி கூட்டினேன். ஏழு என்று எழுதினேன். ஏழு என்ற எழுத்துக்குக் கீழே ஒரு பூவும் வரைந்தேன். மற்ற இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இதே மரியாதை.

தவறு திங்கட்கிழமையே வெளியாகியிருக்க வேண்டும். வெளியாகாமல் போனதற்கு என் அறிவுதான் காரணம். மாதர் நிகழ்ச்சி கேட்க முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். பெட்டி சூடேறிப் பேசத் தொடங்கியபோது, ஒரு கனத்த ஆண் குரல் தென்னை மரத்தைத் துளைக்கும் வண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் மலையில் பத்து மைலுக்கு ஒரு தென்னை மரம் கிடையாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புது நிகழ்ச்சி, எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

"தேங்கா இல்லாம சமையல் ஏது? அதான் வேர்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க" என்றேன். முனியம்மா அக்கா, "அப்பிடிச் சொல்லு" என்று தலையாட்டினார். வண்டின் பருவங்கள் நான்கையும் மனப்பாடமாகக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை நாடகம். பெட்டி திறந்ததும் ஒரு குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், "சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய்" என்று ஊர் ஊராக விலை சொல்லிக்கொண்டு போனது. எனக்கே கொஞ்சம் திக்கென்றது. ஆனால் ஐம்பது பேர் முகத்தைப் பார்க்கிறார்கள். மதிப்பை விட முடியுமா.

"வியாபாரி ஒருத்தரு தனியா உக்காந்து கணக்குப் பாக்குறாரு. அவரு மனசு எப்பிடி வெறுமையா இருக்குன்னு காட்டுறாங்க" என்று மெல்லிய குரலில் விளக்கினேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. செத்தல் மிளகாய் விலை இறங்கியபோது ஒருவர் "பாவம்" என்றார். இறுதியில் ஒரு பெண் குரல் வந்து, நிகழ்ச்சி இத்துடன் முடிவடைகிறது என்றது. "அதுதான் சம்சாரமா?" என்று முனியம்மா அக்கா கேட்டார். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை வந்தது. வாசிகசாலையில் நிற்க இடம் இல்லை. லயத்தில் எரிந்த விளக்குகளில் பாதியை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெளியே பனி, உள்ளே ஆள்களின் மூச்சு. எல்லோர் முகமும் தண்ணீருக்குள் தெரிவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. அத்தை வந்தார். மூன்று வருடமாகப் பெட்டியில் கிடந்த மாம்பழ நிறச் சேலை. கையில் மடித்த கம்பளி. கொழுந்து மலையில் மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொள்ளும் அதே கறுப்புக் கம்பளி. நேரே போய் ரேடியோவைச் சுற்றி அதைப் போர்த்தினார்.

சூசை அண்ணன், "என்ன பாக்கியம், பொட்டிக்குக் குளுருதா?" என்றார்.

"பனி ஏறுனா தொண்ட கட்டிக்கும்" என்றார் அத்தை. யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மட்டும் சூசை அண்ணன் தன் விரதத்தை மீறி, அட்டவணை நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே திறந்தார். மஞ்சள் வெளிச்சம் கம்பளி இடுக்கில் ஊறி வந்தது. எங்கோ வீணை வாசிக்கும் சத்தம். வீணை நின்றது. அறிவிப்பாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அத்தை முன்னால் சாய்ந்தார்.

"நேரம் இப்போது ஆறு மணி முப்பது நிமிடம். மன்னார்க் கரையோர மீனவர்களுக்கு ஓர் அறிவித்தல்."

கடல் கொந்தளிப்பாக இருக்குமாம். ஆழ்கடலுக்குப் போக வேண்டாமாம். நாங்கள் நாலாயிரம் அடி உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

சூசை அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "அவங்க ஆறரைன்னா நம்ம ஏழு. சரியாத்தான் இருக்கு. சரசு, பேப்பர்ல எத்தன மணின்னு போட்டிருந்துச்சு?"

"ஆறு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆறு, ஆறரை, ஏழு. கீழே பூ. வண்டும் வெங்காயமும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன்னே வந்து போயின. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். வாசிகசாலைக்குச் சிமெந்துத் தரை.

"நான் ரெண்டு தடவ கூட்டிட்டேன்" என்றேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முனியம்மா அக்கா மட்டும், "அப்ப அந்த வியாபாரி?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தை எழுந்தார். "பாடி முடிச்சிருப்பானா?"

"முடிச்சிருப்பாங்க அத்த."

கம்பளியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் சேலையோடு பனிக்குள் நடந்து போனார். நான் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடம் காத்திருந்த ஒரு தாயின் காதிலிருந்து ஒரு பாட்டை நான் பிடுங்கிவிட்டேன் என்பதைத் தவிர வேறு எதுவும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அத்தை லயத்தில் எங்கள் காம்பரா வாசலில் நின்றார். "கெளம்பு. நோர்வூட்டுக்குப் போறோம்."

"எதுக்கு அத்த?"

"அங்க கட கடையா ரேடியோ இருக்குல்ல. அவங்களுக்கெல்லாம் ஒழுங்கான மணிதான?"

மலைப்பாதையில் இரண்டு பேரும் இறங்கினோம். நோர்வூட் கடைவீதியில் அத்தை ஒவ்வொரு கடையாக ஏறினார். "நேத்து ஆறு மணிக்கு உங்க பொட்டியில யாரு பாடுனா?" துணிக்கடைக்காரர் செய்தி கேட்டாராம். பாத்திரக் கடையில் பெட்டி ரிப்பேர். ரொட்டிக் கடை முதலாளி சிங்களவர், சிங்கள நிலையத்தைத்தான் வைத்திருந்தாராம். இருந்தாலும் எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, கடைசியில் இருக்கும் சலூனைக் கை காட்டினார்.

சலூன்காரர் ஒருவருக்குப் பாதி முகம் வழித்துக்கொண்டிருந்தார். அத்தை கேட்டதும் கத்தியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தங்கராசுன்னு ஒரு தம்பி. நம்ம தோட்டப் பக்கத்துப் புள்ளைன்னு சொன்னாங்களே. நீங்க அம்மாவா? நல்லாப் பாடுனாப்ல."

அத்தை அவர் பக்கத்தில் போய் நின்றார். "என்ன பாட்டு?"

சலூன்காரர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, சோப்பு நுரைக் கையோடு பாடிக் காட்டினார். இப்படி ஒரு கர்ண கடூரமான குரலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "மல தாண்டிப் போன மஞ்சு" என்று அந்த மேகத்தை இழுத்தார். அங்கே நிறுத்தி, "க்ஹும்" என்று ஒரு இருமல் இருமினார். பிறகு, "மறுபடியும் வாராதோ" என்று முடித்தார்.

"இந்த எடத்துல ஒரு இருமல் வந்துச்சும்மா. ஆனா சமாளிச்சிட்டாரு."

"இருமுனானா?" என்றார் அத்தை.

"லேசாத்தான்."

அவ்வளவுதான். மூன்று வருடக் கோபம் அந்தச் சலூன் வாசலில் உட்கார்ந்துவிட்டது. "கொழும்புத் தண்ணி அவனுக்கு ஒத்துக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். யாரு கொத்தமல்லி வச்சுக் குடுப்பா? காயிதம் எழுதுடி. இருமலோட பாடிக்கிட்டுத் திரியாத, ஒடனே வீட்டுக்கு வான்னு எழுது." அங்கேயே, சலூன்காரரின் பென்சிலில் எழுதினேன். அரை முகம் வழித்தவர் தபால் முத்திரை கொடுத்தார்.

மச்சான் ஒரு வாரத்தில் வந்தார். பாதையில் நின்றிருந்த அத்தை, அவர் பேசுவதற்கு முன் அந்தக் கம்பளியைக் கழுத்தோடு சேர்த்துச் சுற்றிவிட்டார்.

"எனக்கு இருமலே இல்லம்மா."

"பேசாத. தொண்ட கட்டிக்கும்."

"நான் இருமவே இல்லம்மா. சலூன்காரரு பொட்டிதான் கரகரன்னு இருந்திருக்கும்."

அத்தை நம்பவில்லை. மூன்று நாள் கொத்தமல்லிக் கசாயம், பாட்டுக்குத் தடை. நாலாம் நாள் வாசிகசாலையில் பாடினார். நேரத்தை அத்தையே ஊரெல்லாம் சொல்லியனுப்பினார்: "சங்கு ஊதுனதும் வாங்க. எந்த மணியும் கெடையாது." நான் தலையைக் குனிந்தேன். எந்தச் சேலை என்று ஞாபகமில்லை.

அடுத்த தையில் எங்கள் கலியாணம். அழைப்பிதழில் முகூர்த்தம் இரண்டு நேரத்தில் அச்சடிக்கப்பட்டது, ரேடியோ நேரம், தோட்ட நேரம் என்று. கணக்குப் போட்டவர் சூசை அண்ணன். எனக்குக் காட்டக்கூட இல்லை.

அந்தப் பாட்டை அவர் இன்றைக்கும் பாடுகிறார். சனிக்கிழமை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியை மூடிவிட்டு, எனக்காக. "அன்னைக்கு நீ கேக்க வேண்டிய பாட்டு" என்பார். பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தபோது நான் பாடியது சலூன்காரரின் பாட்டை. எனக்கு முதலில் தெரிந்த மெட்டு அதுதான். அதனால் என் மகள் இருமலும் பாட்டில் ஒரு பகுதி என்றே நினைத்து வளர்ந்தாள். பள்ளிக்கூடப் போட்டியில் "மலை தாண்டிப் போன மஞ்சு" என்று பாடி, சரியான இடத்தில் சுருதி பிசகாமல் ஒரு இருமல் இருமினாள். நடுவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். அவள் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு அடுத்த அடிக்குப் போனாளாம்.

இப்போதும் அந்த இடம் வந்ததும் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருமுவார்கள். "நான் இருமவே இல்லை" என்று அவர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். நானும் இருமுவேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகிவிடும். பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது, நான் இருமுவேன்.